அண்டைத்துணை என்ற சொல்லுக்குத் திருத்தம்

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்தது ஒருத்தியைத் திட்டுவதற்காக. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் எங்காவது நான் நியாயம் பேச ஆரம்பித்தால் நீங்கள் ஏமாறாமல் இருக்கலாம்.

திட்ட வேண்டியவள் என் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருக்கிறாள். அவள் யார் குடியையும் கெடுக்கவில்லை. என்னைப் பற்றிப் புறம் பேசியதாகவும் தகவல் இல்லை. ஒரு நாள் காலை பதினொன்றரை மணிக்கு, தேநீர் இடைவேளையில், ஒரு சொல்லை உண்டாக்கினாள். நல்ல சொல். அவ்வளவுதான்.

நான் ஒரு பாடநூல் மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் சொல்லடைவுப் பிரிவின் தலைவி. தலைவி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிரிவில் மொத்தம் இரண்டு பேர். அறிவியல் புத்தகங்களில் வரும் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச்சொல் கண்டுபிடித்து, அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதுவது எங்கள் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிற சொற்களில் நூற்றுக்கும் மேல் நான் வைத்த பெயர்கள். பெற்ற பிள்ளைக்குக்கூடப் பெயர் வைக்க மாமியார், நாத்தனார் என்று நாலு பேர் வருவார்கள். இங்கே நான் ஒருத்திதான். ஒருத்தியாகத்தான் இருந்தேன்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று தரம் முயன்றேன்.

‘பொறாமையின் நிறம் பச்சை என்று…’ (யார் சொன்னது? தமிழில் பொறாமைக்கு நிறம் கிடையாது. நமக்கு அது வயிற்றெரிச்சல், புகைச்சல். அடுப்படிச் சமாச்சாரம். அடித்துவிட்டேன்.)

‘அன்று மழை பெய்துகொண்டிருந்தது.’ (பெய்யவில்லை.)

‘வேதியியலில் ஒரு சொல் உண்டு.’

இது இருக்கட்டும்.

2

வேதியியலில் ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் ஆன்கிமெரிக் அசிஸ்டன்ஸ் என்கிறார்கள். முதல் பாதி கிரேக்கம். பக்கத்துப் பகுதி என்று பொருள். பின்பாதி, ஒத்தாசை. பதினோரு வருடத்துக்கு முன் இதற்கு நான் ‘அண்டைத்துணை’ என்று பெயர் வைத்தேன். வைத்த அன்று வீட்டுக்குப் பேருந்தில் போகாமல் நடந்தே போனேன். அத்தனை சந்தோஷம்.

வேதியியல் தெரியாதவர்களுக்காக விளக்குகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம். (தாண்ட மாட்டீர்கள். தப்பு கண்டுபிடிக்கவாவது படிப்பீர்கள். உங்களைப் போல ஒருத்தியோடுதான் நான் தினமும் எட்டு மணிநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.)

ஒரு கார்பன் அணு. அதற்கு நான்கு கைகள். ஒரு கையில் ஒரு குளோரின், எப்போது கழலலாம் என்று இருக்கிறது. வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். அது முன்வாசல் வழியாக வராது. குளோரினுக்கு நேர் பின்பக்கமிருந்து வந்து முட்டும். முட்டிய முட்டில் மற்ற மூன்று கைகளும் காற்றில் குடை மடங்குவது போல எதிர்ப்பக்கம் மடங்கிக்கொள்ளும். இது சாதாரண வழி. சில மூலக்கூறுகளில் பக்கத்துக் கார்பனில் ஒரு கந்தகம் இருக்கும். அது வெளியாள் வரும்வரை காத்திருப்பதில்லை. தானே பின்பக்கமாக வளைந்து வந்து குளோரினைத் தள்ளிவிடுகிறது. குடை ஒரு தரம் மடங்குகிறது. அப்புறம் வெளியாள் வந்து கந்தகத்துக்குப் பின்னாலிருந்து முட்டுகிறது. கந்தகம் பிடியை விட்டுவிட்டுத் தன் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. குடை மறுபடி மடங்குகிறது. இரண்டு தரம் மடங்கிய குடை மடங்காத குடை மாதிரியே நிற்கும்.

அந்தக் கந்தகம் வேலையில் கலந்துகொண்டது ஒரு விஷயம். அது கலந்துகொண்டதால் வேலை வேகமாக முடிந்தது இன்னொரு விஷயம். சில வினைகளில் பல்லாயிரம் மடங்கு வேகம் கூடுகிறது. சில வினைகளில் பக்கத்து ஆள் கலந்துகொள்கிறது, ஆனால் வேகம் கொஞ்சமும் கூடுவதில்லை. கலந்துகொள்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது: அண்டைத் தொகுதிப் பங்கேற்பு. (தொகுதி என்பது அந்தக் கந்தகம் மாதிரி மூலக்கூறில் ஒட்டிக்கொண்டிருக்கிற அணு, அல்லது அணுக்கூட்டம்.) வேகம் கூடினால் மட்டும்தான் ஆன்கிமெரிக் அசிஸ்டன்ஸ்.

பதினோரு வருடத்துக்கு முன் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. நான் தமிழ் படித்தவள். அண்டைத்துணை என்று சொல்லைப் போட்டு, ‘அண்டையிலுள்ள தொகுதி வினையில் பங்கேற்றல்’ என்று விளக்கம் எழுதினேன். இரண்டையும் ஒரே பாயில் படுக்கவைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பதினோரு வருடம் யாருமே கேட்கவில்லை.

3

இப்போது அவளைக் கொண்டுவர வேண்டும். இந்தப் பகுதியை ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன்.

அவளுக்கு அலுவலகத்தில் பிப்பெட் என்று பட்டப்பெயர். ஆய்வகத்தில் துளித்துளியாக அளந்து விடுகிற கண்ணாடிக் குழாய். ஆளும் அப்படித்தான், ஒல்லி, உயரம். பேச்சும் அப்படித்தான், அளந்து விழும். ஒன்பது வருடம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள். கரைப்பான் வாடை ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத்திணறல் வந்து, அந்த வேலையை விட்டுவிட்டு எங்களிடம் அறிவியல் சரிபார்ப்பாளராக வந்தாள். வயது முப்பத்தைந்து. எனக்கு ஐம்பது.

முதல் வரைவில் ‘அவர்’ என்று மரியாதையாக எழுதியிருந்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஒருவர்மேல் ‘அவர்’ போட்டுக்கொண்டு பொறாமைப்பட முடியாது. வாய்க்கு வாய் ‘நீங்க’ என்றுதான் பேசுகிறேன். மனசுக்குள் ‘அவள்’தான். கதை மனசுக்குள் நடக்கிறது.

அவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை, செய்கிற காரியம் எல்லாம் சரியாக இருந்தது. நல்லவளாக எழுதிப் பார்த்தேன். எழுத எழுத எனக்கு எரிந்தது. கடைசியில் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

பார்த்தது: மதிய உணவை நின்றுகொண்டே சாப்பிடுவாள், ஆய்வகப் பழக்கம். பென்சிலை இரண்டு பக்கமும் சீவுவாள். தொலைபேசியை எடுத்தால் முதலில் கேட்டுக்கொள்வாள், அப்புறம்தான் பேசுவாள். அலுவலகத்தில் எல்லாரும் என்னை அக்கா என்கிறார்கள், இயக்குநர் உட்பட. அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர்! இவள் மட்டும் மேடம் என்பாள். வந்து இரண்டு வருடம் ஆகியும் மேடம்.

4

சொல் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சொல்லடைவின் இரண்டாம் பதிப்பில் உயிரெழுத்துகள் மட்டும் வருகிற முதல் பாகத்துக்குத் திருத்தம் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் ‘அ’வே முடியவில்லை. அவள் கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தோடு என் மேசைக்கு வந்தாள்.

“மேடம், அண்டைத்துணைன்னு ஒரு சொல் இருக்கு பாருங்க.”

“இருக்கு. நான் வச்சது.”

“தெரியும். சொல் நல்லாருக்கு. விளக்கம் கொஞ்சம் இடிக்குது.”

என்ன இடிக்கிறது என்று சொன்னாள். மேலே இரண்டாம் பகுதியில் நான் உங்களுக்குச் சொன்னதுதான். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். புரியாதது போல உட்கார்ந்திருந்தேன். புரிந்துவிட்டது.

“அதாவது, மாமியார் வீட்டுக்கு வந்து சும்மா உக்காந்திருந்தா பங்கேற்பு. காய் நறுக்கிக் குடுத்து வேலை சீக்கிரம் முடிஞ்சா துணை. அப்படித்தானே?” என்றேன்.

“கார்பனுக்கு மாமியார் கிடையாது மேடம்.”

அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் காது சூடானது.

“சரி, என்ன செய்யலாங்கிறீங்க?”

“ரெண்டு பதிவாப் பிரிக்கணும். இந்தச் சொல்லுல வேகம் தெரியலை, அதான் குழப்பம்.” ஆரஞ்சைத் தோலுரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தாள். “உந்தல்னு வச்சா வேகம் உள்ள வந்துடும் இல்ல? அண்டையுந்தல்.”

சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் என் உணர்ச்சிகளை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். உலை, பாம்பு, முள் எல்லாம் வந்தன. எடுத்துவிட்டேன். நடந்தது இதுதான்: நான் அந்தச் சொல்லை உள்ளுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். அண்டை, உந்தல். இடையில் ஒரு யகரம் வந்து இரண்டையும் ஒட்டியது, தைத்த இடம் தெரியவில்லை. பக்கத்திலிருப்பது என்பதும் இருக்கிறது, தள்ளுவது என்பதும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. இலக்கணம் படித்தவள் நான். புணர்ச்சி விதி என்னுடைய சொத்து. இவள் தொழிற்சாலையில் குப்பி கழுவியவள்.

* குப்பி கழுவியவள் என்பது அநியாயம். அவள் ஒரு பிரிவுக்கே பொறுப்பாக இருந்தவள். ஆனால் அந்த நிமிடத்தில் நான் நினைத்தது அதுதான், விட்டுவைக்கிறேன்.

“பார்க்கலாம்” என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் நடக்காது என்று பொருள். அவளுக்கும் தெரியும். தலையாட்டிவிட்டுப் போனாள். போகும்போது அந்தச் சொல்லை ஒரு துண்டுத்தாளில்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் மூன்று இடத்தில் எழுதிவைத்திருப்பேன்.

5

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுவதும் ‘இது தெளிவா இருக்கா, இல்ல அதுவா?’ என்று கேட்கிற ஆள். வீட்டிலும் அதே குணம். அன்று சாயங்காலம் துணி துவைத்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அண்டையுந்தல்” என்று நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். “அண்டையுந்தல். வாய்க்கு நல்லா இருக்கே. நீ வச்சதா?”

“இல்ல.”

“பின்ன?”

“அந்தப் பொண்ணு.”

“ஓ.”

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் எத்தனையோ முறை ஓ போட்டிருக்கிறார். எதுவும் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

“உனக்கு என்ன பொறாமையா?”

“எனக்கென்னங்க பொறாமை? நான் பார்க்காத சொல்லா?”

“இல்ல, துவைச்சுப் பிழிஞ்ச சட்டையையே மறுபடி எடுத்துத் துவைக்கிறியே, அதான் கேட்டேன்.”

அன்றிலிருந்து அவளைக் கவனிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. இயக்குநர் அவளிடம் இரண்டு நிமிடம் பேசினால் நான் மூன்று நிமிடம் ஏதாவது கேட்பேன். அவள் பார்த்த பக்கங்களில் தப்பு தேடினேன். ஒரு முழு வாரத்தில் ஒரே ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன், இரண்டு தரம் சுற்றி. “நன்றி மேடம்” என்றாள். உண்மையாகவே நன்றிதான் சொன்னாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

6

அடுத்த மாதம் ஆறாம் தேதி ஒரு கடிதம் வந்தது. பிரிவின் பெயருக்கு வருவதை நான்தான் பிரிப்பேன்.

எழுதியவர் ஒரு பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை. பெயர் போடப் போவதில்லை. டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம். கையெழுத்து கரும்பலகையில் எழுதியது போல வட்டவட்டமாக இருந்தது. இறுதித் தேர்வில் ஒரு கேள்வி வந்ததாம். ஒரு வினையைக் கொடுத்து, வடிவம் மாறவில்லை, வேகமும் கூடவில்லை என்று தகவல் தந்து, ‘இங்கு அண்டைத்துணை உண்டா? காரணம் கூறுக’ என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு மதிப்பெண். சரியான விடை, இல்லை. அவருடைய மாணவிகள் பதினேழு பேர் எங்கள் சொல்லடைவில் உள்ள விளக்கத்தை மனப்பாடமாக எழுதி, உண்டு என்று முடித்திருக்கிறார்கள். பதினேழு பேருக்கும் சைபர்.

‘விளக்கம் தவறு என்று உங்கள் பிரிவிலிருந்து ஒரு வரி எழுதித் தந்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்போம். கடைசி நாள் இருபதாம் தேதி. சில பிள்ளைகளுக்கு இந்த நான்கு மதிப்பெண்ணில்தான் கல்லூரி இடம் இருக்கிறது’ என்று முடித்திருந்தார்.

முதல் வரைவில் இந்தக் கடிதம் தபாலில் தொலைந்துபோனது. இரண்டாம் வரைவில் நான் விடுப்பில் இருந்தபோது வந்தது. மூன்றாம் வரைவில், வேலை மும்முரத்தில் மறந்துபோனேன். மூன்றும் நம்பும்படியாகத்தான் இருந்தன. இத்தனை வருடம் விளக்கம் எழுதியவளுக்கு இதுவா வராது?

நடந்ததை எழுதுகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நிமிர்ந்தேன். எதிர் மேசையில் அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இந்தக் கடிதத்தை வெளியே வைத்தால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். இயக்குநர் அவளைக் கூப்பிடுவார். அண்டையுந்தல் அச்சேறும். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அந்தச் சொல்லை எழுதுவார்கள்.

கடிதத்தை மடித்து, மேசையின் கடைசி இழுப்பறையில், பழைய நாட்காட்டிகளுக்கு அடியில் வைத்தேன். ‘நாளைக்குப் பதில் எழுதலாம்’ என்று சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் தேதியும் சொன்னேன். எட்டாம் தேதியும். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்தப் பதினேழு பேரை நான் நினைக்கவே இல்லை என்று எழுதினால் நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பீர்கள். நினைத்தேன் என்று எழுதினால் அது இன்னும் மோசம். நினைத்தேன்.

7

பதினான்காம் தேதி, என் அத்தை மகளுக்கு ஒரு அறுவைச் சிகிச்சை. இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். பதினாறாம் தேதி திரும்பி வந்தேன். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. முதல் பாகத்தின் அச்சுப்படி என் மேசையில் இருந்தது. நான் கடைசியாகப் பார்த்த பக்கங்கள்தானே என்று புரட்டாமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இருபதாம் தேதி வந்து போனது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தொன்றாம் தேதி இறங்கியது. மனுஷி அப்படித்தான்.

அடுத்த மாதம் புத்தகம் அச்சாகி வந்தது. புதுப் புத்தகம் வந்தால் நான் நேரே ‘அ’வுக்குப் போவேன். போனேன்.

அண்டைத்துணை: அண்டையிலுள்ள தொகுதி வினையில் பங்கேற்பதால் வினையின் வேகம் மிகுதல். வேகம் மிகாதவிடத்து இச்சொல் பொருந்தாது. (காண்க: அண்டைத் தொகுதிப் பங்கேற்பு.)

காண்க என்று சொன்ன இடத்தில் தனியாக இன்னொரு பதிவும் இருந்தது.

அதே வாரம் டீச்சரிடமிருந்து இரண்டாவது கடிதம், பிரிவின் தலைவிக்கு. ‘உங்கள் பிரிவு பதினைந்தாம் தேதி அனுப்பிய திருத்தக் குறிப்பு கிடைத்தது. தவறை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை இந்தக் காலத்தில் யாருக்கு வருகிறது? பதினாறு பிள்ளைகளுக்கும் மதிப்பெண் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒருத்திதான் அதற்குள், பன்னிரண்டாம் தேதியே, கல்லூரியில் முதல் சுற்றுச் சேர்க்கை முடிகிறது என்று வேதியியல் கிடைக்காமல் வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டாள். ஒரு வாரம் முன்னால் உங்கள் குறிப்பு வந்திருந்தால் அதைக் காட்டி இடம் கேட்டிருக்கலாம். தபால் தாமதம், யாரைக் குறை சொல்ல? அவள் தலையெழுத்து. உங்கள் நேர்மைக்கு என் மாணவிகள் சார்பில் நன்றி.’

புத்தகத்தையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனேன். பத்தடி தூரம். அதுவரை அவள் மேசைக்கு நான் போனதே இல்லை, அவள்தான் வருவாள்.

“இதை நீங்கதான் மாத்தினீங்களா?”

“ஆமா மேடம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.”

“நீங்க லீவுல இருந்தீங்க. அந்த டீச்சர் ஃபோன் பண்ணாங்க. கடிதம் போட்டுப் பத்து நாளாச்சு, பதிலே இல்லைன்னாங்க. கடைசித் தேதி நெருங்கிடுச்சேன்னு இயக்குநர்கிட்ட விளக்கத்தை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்பிட்டேன். அச்சுப்படியிலயும் மாத்திட்டேன்.”

“இயக்குநர்கிட்ட கடிதத்தைப் பத்தி…”

“சொல்லலை.”

“நான் பதினாறாம் தேதி வந்துட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

முதல் முறையாக அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன் மேடம்.”

நான் வேறொன்றைக் கேட்டேன். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் நான் கேட்ட ஒரே உண்மையான கேள்வி அது.

“உங்க சொல்லை ஏன் போடலை?”

“எந்தச் சொல்?”

நடிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தாள்.

“அண்டையுந்தல்.”

“ஓ, அதுவா? அது எதுக்கு மேடம்? பிள்ளைங்களுக்குத் துணைன்னு பழகிடுச்சு. மறுபடி மாத்தினா இன்னொரு குழப்பம். உங்க சொல்லுல தப்பில்ல. விளக்கம்தான் தப்பு.”

“எனக்காகவா விட்டுக்கொடுத்தீங்க?”

“இல்ல மேடம். பரீட்சைக்காக.”

8

இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீங்களும் அதை இந்நேரம் மனசில் எழுதியிருப்பீர்கள். பக்கத்து ஆள் யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாக வந்து காரியத்தை முடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கிறது. ஆகவே அவள்தான் என்—

வேண்டாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகில் எல்லாம் சரியாகிவிடுகிறது, குடை நேராகிவிடுகிறது. ஒரு பெண் எங்கோ ஒரு வகுப்பறையில் அவள் கேட்காத பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அந்த உவமைக்குள் வர மறுக்கிறாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்றாவது ஒழுங்காகச் சொல்லவேண்டும். குற்ற உணர்ச்சி என்று எழுதினால் நீங்கள் திருப்தியாவீர்கள். அது வந்தது, ஆனால் மெதுவாக, இரண்டு மூன்று நாள் கழித்து. முதலில் வந்தது பழைய எரிச்சலேதான், முன்னைவிட அதிகமாக. என் சொல்லைக் காப்பாற்ற நான் பதினேழு பிள்ளைகளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அவளுடைய சொல் என்னுடையதைவிட நல்ல சொல், அதை அவள் ஆரஞ்சுத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள். சொல்மேல் எனக்கு அவளுக்கு இருந்த பொறாமை போய், இப்போது அந்தக் கைமேல் பொறாமை. இவ்வளவு எளிதாக ஒன்றைக் கீழே போடத் தெரிந்த கை.

* மேலே உள்ள வாக்கியத்தில் ‘சொல்மேல் எனக்கு அவளுக்கு இருந்த’ என்பது பிழை. ‘அவள் சொல்லின்மேல் எனக்கு இருந்த’ என்று இருக்க வேண்டும். திருத்தவில்லை. எந்த இடத்தில் எனக்குத் தமிழ் குளறுகிறது என்று உங்களுக்குத் தெரியட்டும்.

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: நான் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறேன். அவர் வாங்க மறுக்கிறார். (நிச்சயம் மறுப்பார். அது தெரிந்துதான் கொடுப்பேன். அதனால் இது முடிவில்லை, நாடகம்.)

இரண்டாவது: பிப்பெட்டும் நானும் சிநேகிதிகளாகிறோம். அவள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். (நேற்றும் மேடம்தான்.)

மூன்றாவது: அந்தப் பதினேழாவது பெண் வேறு பாடத்தில் சேர்ந்து பெரிய ஆளாகிறாள், ‘நல்லவேளை வேதியியல் கிடைக்கவில்லை’ என்கிறாள். (இதை எழுதி முடித்ததும் கைகழுவ வேண்டும் போல இருந்தது. கிழித்தேன்.)

எந்த முடிவும் நிற்காததால், எழுதியவரைக்கும் பிரதி எடுத்து பிப்பெட்டிடம் கொடுத்தேன். வேதியியல் சரியா என்று பார்க்கச் சொன்னேன். அது ஒரு சாக்கு என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டுபோய்த் திங்கட்கிழமை காலை திருப்பிக் கொடுத்தாள். இரண்டாம் பகுதியில் மட்டும் பென்சில் குறிகள். கார்பனின் ‘கைகள்’ என்ற இடத்தில் ‘பிணைப்புகள்’ என்று எழுதியிருந்தாள். (நான் மாற்றவில்லை. அந்த ஒன்றிலாவது நான் ஜெயிக்கிறேன்.) அவளைப் பற்றி எழுதிய இடங்களில் ஒரு கீறல் இல்லை. குப்பி கழுவியவள் என்ற இடத்தில்கூட இல்லை.

“மத்ததெல்லாம்?” என்றேன்.

“மத்தது நான் பார்க்கிற வேலை இல்லையே மேடம்.”

“படிச்சீங்கதானே?”

“படிச்சேன்.” போகத் திரும்பியவள் நின்றாள். “இது அவங்களுக்குத் தெரியுமா?”

“யாருக்கு?”

“அந்த டீச்சருக்கு. அந்தப் பொண்ணுக்கு.”

“இல்ல.”

“அப்ப இது கதைதானே” என்றாள்.

குத்திக்காட்டுகிற குரலில் இல்லை. ஒரு பதிவுக்கு எதிரே எந்தப் பிரிவு என்று குறிப்பது போலச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய், நாங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டாம் பாகத்தின் ‘க’வை எடுத்துக்கொண்டாள்.

பத்தடி தூரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டீச்சரின் இரண்டாவது கடிதத்தின் தலைப்பில் பள்ளியின் தொலைபேசி எண் அச்சாகியிருக்கிறது. ஏழு முறை பார்த்ததில் மனப்பாடமாகிவிட்டது. சேர்க்கைக் காலம் இன்னும் முற்றாக முடியவில்லையாம். பாடம் மாற்றிக்கொள்ள ஒரு வாரம் தருகிறார்களாம். பிரிவே தாமதித்தது என்று எழுத்தில் கொடுத்தால் ஒருவேளை கேட்பார்களாம். விசாரித்து வைத்திருக்கிறேன். ஒருவேளைதான். ஆனால் அப்படிக் கொடுத்தால், தாமதித்தது பிரிவு இல்லை, நான், என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. எதிர் மேசைக்காரி அந்தத் தாளில் எங்கும் வரமாட்டாள். அவளுக்கு அதில் வேலையே இல்லை.

அழைத்தேன் என்று நான் எழுதினால், என்னை நானே நல்லவளாக்கிக்கொண்டேன் என்பீர்கள். எனக்கும் என்னைத் தெரியும், நானும் நம்ப மாட்டேன். அழைக்கவில்லை என்று எழுதினால், எழுதிவிட்டோமே என்ற தைரியத்தில் அழைக்காமலே இருந்துவிடுவேன். ஒப்புக்கொள்வதையே ஒரு வேலையாகச் செய்து முடித்துவிடுகிற ஆள் நான். அதனால் இதை என் கையால் முடிக்கப்போவதில்லை.

“வணக்கம் டீச்சர். சொல்லடைவுப் பிரிவிலேருந்து பேசறேன். உங்க முதல் கடிதம் ஆறாம் தேதியே எனக்கு வந்துடுச்சு.”

இதுவரைதான் எனக்கு வருகிறது. இருபத்திரண்டு வருடம் சொல் தேடியவளுக்கு இதற்கு அடுத்த வாக்கியம் கிடைக்கவில்லை. அதை நீங்கள் எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லுபடியாகிற மாதிரி இருந்தால் போதும்.